அறுபது, பதினாலு

இஞ்ஞாசி இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பாவாடை. கராஜில் டிங்கர் வேலை பார்க்கிறவர். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். என் அலுவலக வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டு நின்றார். வேலை நேரத்தில் யாரையும் தேடிப் போகிற ஆள் இல்லை அவர். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்ததுமே எனக்குப் பயமாகிவிட்டது.

“சார், நம்ம இஞ்ஞாசி போயிட்டாரு. காலையில எழுந்து காப்பி கேட்டிருக்காரு. அக்கா கொண்டாரதுக்குள்ள நாற்காலியிலயே சாஞ்சிட்டாரு. நாலு மணிக்கு எடுக்கறாங்க, வூட்டுக்கு வந்துடுங்க” என்றார்.

இந்த இடத்தில் கண் கலங்கியது என்று எழுதுவதுதான் முறை. எனக்கு முதலில் வந்தது பயம். அந்தப் பயத்தின் ஓரத்தில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடுவதாக இல்லை. அழுகை பிற்பாடு வந்தது, பாவாடையின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து குருசுக்குப்பத்துக்குப் போகும்போது.

அவரை அறியாத யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், இஞ்ஞாசி எங்கள் கராஜின் பெயிண்டர். கார்களுக்கு நிறம் அடிக்கிறவர். நான் அதே கராஜில் மூன்று வருடம் கிளார்க்காக இருந்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு சென்னைக்கு எழுதும் கடிதமெல்லாம் இங்கிலீஷில் போக வேண்டியிருந்ததால், அரியாங்குப்பத்திலிருந்து என்னைப் பிடித்து வந்து உட்கார வைத்தார்கள். முதலாளியைப் பத்ரோன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பத்ரோன், இஞ்ஞாசி, நான், இன்னும் ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான் எங்கள் உலகம்.

அடக்கத்தன்று வீட்டு வாசலில் கூட்டம். பெட்டியை எடுக்க இன்னும் அரைமணி இருந்தது. இஞ்ஞாசியின் மூத்த பெண் செலின் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமா, கராஜ்காரங்க ரெண்டு பேரு வெளிய பேசிக்கறாங்க. நொத்தேர் வண்டிய இடிச்சி, தப்பான கலரு அடிச்சி மாட்டிக்கிட்டாரே அந்த இஞ்ஞாசின்னு சொல்றாங்க. அப்பா அப்படிச் செஞ்சாரா?”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கிற வழியெல்லாம் என் பதிலை நானே கேட்டுக்கொண்டு போனேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். “நீங்கதான் எழுதத் தெரிஞ்சவரு” என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். பத்ரோன் படிப்பார். செலின் படிப்பாள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த இரண்டிலும் அவருடைய நல்ல குணங்களை மட்டும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

இஞ்ஞாசி பயந்த ஆள். இதைச் சொன்னால் அவரோடு வேலை பார்த்த யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்பார்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பு கம்ப்ரசரின் முள்ளை மூன்று தரம் பார்ப்பார். தின்னர் டப்பாவைத் திறந்தால் பீடி குடிக்கிறவன் தெருக்கோடிக்குப் போய்விட வேண்டும். சிலுவை போட்டுக்கொண்டுதான் ஸ்பிரே கன்னைக் கையில் எடுப்பார். வீட்டுக்குக் கிளம்பினால் கொட்டகையின் கொண்டியைப் போட்டு, பத்தடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, மறுபடி பத்தடி நடந்து, மறுபடி வருவார். “கல்யாணத்துல மூணு முடிச்சும் போட்டுட்டு, சரியா விழுந்துச்சான்னு இழுத்துப் பாத்த மனுசன்யா இவரு” என்று பாவாடை அவர் எதிரிலேயே கிண்டல் செய்வார். இஞ்ஞாசி கோபித்துக்கொள்ள மாட்டார். “இழுத்துப் பாத்தேன்தான். அவுந்துச்சா? இல்லல்ல?” என்பார்.

நிறத்தில் அவருக்கிருந்த பயம் இதையெல்லாம்விடப் பெரியது. மற்ற பெயிண்டர்கள் கண்ணால் பார்த்தே கலந்து அடித்துவிடுவார்கள். இவர் மாட்டார். ஒவ்வொரு காரிலும் தொழிற்சாலைக்காரன் நிறத்தின் நம்பரை எங்கேயாவது போட்டிருப்பான், அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் கையை வைப்பேன் என்பார். நம்பர்படி பெயிண்ட் வந்தாலும் நேரே வண்டியில் அடிக்க மாட்டார். ஒரு தகரத் துண்டில் அடித்து, அரைநாள் வெயிலில் காயவைத்து, வண்டி மேல் ஒட்டி வைத்துப் பார்ப்பார். “ஈரத்துல எல்லாக் கலரும் அழகாத்தான் இருக்கும், சுப்பராயா. காஞ்ச பிறகு பேசு” என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் போய் முட்டியது. அவர் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். ஜெபம் தமிழில் செய்வார், திட்டுவதும் தமிழில்தான். எண்கள் மட்டும் பிரெஞ்சில் வரும். உப்புத்தாள் எண்ணினாலும், படிக்கட்டு ஏறினாலும் வாய்க்குள் “அன், தெ, துருவா” ஓடிக்கொண்டிருக்கும். கேட்டுக் கேட்டு நானும் அறுபது வரைக்கும் கற்றுக்கொண்டேன். அறுபதுக்கு சுவசாந்த். அதற்கு மேல் எங்கள் கராஜில் எண்ணுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை. எனக்குப் பிரெஞ்சு எண் தெரியும் என்று எனக்கு ஒரே பெருமை. பத்ரோன் காதில் விழும்படி அடிக்கடி எடுத்து விடுவேன்.

நொத்தேர் காருக்கு வருகிறேன். பத்திரங்களை உறுதி செய்யும் நொத்தேர் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் அவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவருடைய பிரெஞ்சு கார் சாம்பல் ஓடிய நீல நிறம். அதில் ஈ உட்கார்ந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். பிரேக் வேலைக்காகக் கராஜுக்கு வந்தது. வேலை முடிந்து, சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பத்ரோன் காரைக்கால் போயிருந்தார், அவரும் சனிக்கிழமை காலைதான் திரும்புவார்.

அன்று வியாழக்கிழமை நடுப்பகல். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். இஞ்ஞாசி மட்டும் தன் கொட்டகைக்குள் தூக்குச்சட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கு வெளியே சாமான் லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. நொத்தேர் கார் வழியை மறித்து நின்றது. டிரைவர் வரும் வரைக்கும் லாரியை நிற்கச் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இரண்டு மாதமாக டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வைத்திருந்தேன். ஏறி, பின்னால் எடுத்தேன். வண்டி நான் நினைத்ததைவிட வேகமாகப் போய் சுவரோரத் தூணில் உரசி நின்றது.

இறங்கிப் பார்த்தேன். பின்பக்க மட்கார்டில் ஒரு முழ நீளத்துக்குப் பெயிண்ட் உரிந்து தகரம் வெளுப்பாகத் தெரிந்தது.

டிரைவர் அல்லாதவர் வண்டியைத் தொட்டால் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவது பத்ரோனின் சட்டம். எனக்கு முன்பிருந்த கிளார்க் அப்படித்தான் போனார், அதனால்தான் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. என் மனைவிக்கு அப்போது ஒன்பதாவது மாதம். வேறு வேலை என்று எங்கே போய் நிற்பது? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு இஞ்ஞாசி சோற்றுக் கையோடு ஓடி வந்தார். பார்த்தார். என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகம்.

“மாதாவே! இன்னா காரியம் பண்ணிட்ட சுப்பராயா? நொத்தேர் வண்டிய்யா இது!”

“அண்ணே, சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாமா? யாருக்கும் தெரியாம?”

அவர் தெருவைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வூட்டுல எப்ப நாளு?” என்று கேட்டார். “அடுத்த வாரம்ணே” என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து, வண்டியைத் தன் கொட்டகைக்குள் தள்ளச் சொன்னார். இருவரும் சேர்ந்து தள்ளினோம். சாக்குத் திரையை இழுத்துவிட்டார். கேட்டுக்கு வெளியே நின்ற லாரிக்காரர் எதையும் பார்க்கவில்லை, உள்ளே வந்து சாமானை இறக்கிவிட்டுப் போய்விட்டார். தூசி படியும் என்று அந்தத் திரைக்குள் யாரையும் அவர் விடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் மற்றவர்கள் எட்டிப் பார்க்க வாய்ப்பில்லை.

“நம்பர் வேணும். நம்பர் இல்லாம நான் தொட மாட்டேன்” என்றார்.

தேடினோம். மூடியைத் தூக்கினால் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. ஆவலாக எழுதப் போனேன். “அது வண்டி நம்பரு, கலரு இல்ல” என்று தடுத்தார். கதவைத் திறந்து அது மாட்டியிருக்கிற சட்டத்தில் பார்த்தோம், ஒன்றுமில்லை. சீட்டைத் தூக்கினோம், அதற்கடியிலும் இல்லை. மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்புகிற நேரம் ஆகிக்கொண்டிருந்தது. வெளியே ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரை இறக்கினார். பின்னால் இருட்டு. நெருப்புக்குச்சி கிழிக்கலாமே என்றேன். தின்னர் இருக்கிற கொட்டகையில் நெருப்பா என்று என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியை என் கையில் கொடுத்து, திரையை விரலளவு விலக்கி, வெயிலை உள்ளே அடிக்கச் சொன்னார்.

அழுக்குக்கு அடியில் ஏதோ எழுத்து இருந்தது. நான் தின்னரில் நனைத்த துணியை நீட்டினேன். அவர் கையைத் தட்டிவிட்டார். “அழுக்கு போறப்ப நம்பரும் சேந்து பூடும். தண்ணி குடு, வெறுந்தண்ணி.” விரல் நுனியில் நனைத்து, குழந்தைக்கு மூக்கு துடைப்பதைப் போல மெல்ல மெல்லத் துடைத்தார். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

தலையை டிக்கிக்குள் விட்டபடியே கத்தினார். “வந்துடுச்சு! எழுதிக்கோ. சுவசாந்த் கத்தோர்ஸ்!”

சுவசாந்த், அறுபது. கத்தோர்ஸ், பதினாலு. எனக்குத் தெரியாததா? பிரெஞ்சு தெரிந்த மிடுக்கோடு எழுதிக்கொண்டேன்: 60, பக்கத்தில் 14. அவருக்குப் படித்துக் காட்டவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

பிரெஞ்சு பெயிண்ட் டின்கள் வைத்திருந்த கடை ஒன்று அப்போது கடைத்தெருவில் இருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சரக்கைக் கடலூர்க்காரர் ஒருவர் வாங்கி வைத்திருந்தார். மத்தியானம் கடை மூடியிருந்தது. நாலு மணிக்குத்தான் திறந்தார்கள், அது வரைக்கும் எதிர்ப்பக்க நிழலில் நின்றே பொழுதைப் போக்கினேன். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“அறுபது பதினாலுன்னு நம்பரே கெடையாதே. அறுபது இருக்குது, பதினாலும் இருக்குது. ரெண்டையும் கலக்கணுமா?”

அந்தக் கேள்வியில் என்னைத் தப்ப வைக்கிற வழி இருந்தது. திரும்பிப் போய் இஞ்ஞாசியைக் கேட்டு வந்திருக்கலாம், போக வரப் பத்து நிமிடம். ஆனால் தெரியாது என்று சொல்ல எனக்கு என்றைக்குத்தான் வாய் வந்தது?

“ஆமா, கலந்துடுங்க” என்றேன்.

“சமமாவா?”

“ஆமா, சமமா.”

ஒன்று கருநீலம், இன்னொன்று மஞ்சள் ஓடிய வெள்ளை. கலந்து, பெயர் எழுதாத வெறும் டின் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார். பார்ப்பதற்கு நொத்தேர் காரின் நிறம் மாதிரியேதான் எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை இஞ்ஞாசி உரிந்த இடத்தைத் தேய்த்து, பட்டி பார்த்து, அடிப்பூச்சு கொடுத்தார். மத்தியானம் டின்னைத் திறந்தார். குச்சியால் கலக்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தகரத் துண்டை எடுத்தார். வானம் மூடிக் கிடந்தது, வெயில் இல்லை. தகரம் காய்வதற்குச் சனிக்கிழமை ஆகிவிடும் என்றார்.

“அதுக்கு நேரம் ஏதுண்ணே? நம்பர்படிதானே வந்திருக்குது?”

“கொஞ்சம் பச்ச அடிக்கிற மாதிரி இருக்குது சுப்பராயா.”

“ஈரத்துல எதையும் பேசாதன்னு நீங்கதானே சொல்வீங்க!”

அவர் பேச்சையே திருப்பி அவர் வாயை அடைத்தேன். அவர் தகரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு கன்னை எடுத்தார். தான் நம்பிய ஒரே பரீட்சையை எனக்காக விட்டுக் கொடுத்தார். எத்தனை வண்டிகளுக்கு நிறம் அடித்திருப்பார், தகரத்தில் பார்க்காமல் அடித்தது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை நான் ஓட்டமும் நடையுமாக வந்தபோது அவர் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். திரையைத் தூக்கிக் காட்டினார். நல்ல வெயில். மட்கார்டில் புதிதாக அடித்த இடம் மட்டும் பச்சையாக, தனியாகத் தெரிந்தது. கண் தெரியாதவரால்தான் அதைப் பார்க்காமல் இருக்க முடியும்.

“எந்த நம்பரு கேட்ட?” என்றார்.

“நீங்க சொன்னதுதான். அறுபது, பதினாலு.”

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “அய்யோ, அது ஒரே நம்பருய்யா. பிரெஞ்சுல எழுபதுக்குத் தனி வார்த்தை கெடையாது. அறுபது பத்துன்னா எழுபது. சுவசாந்த் கத்தோர்ஸ்னா எழுபத்துநாலு.”

மணி ஒன்பதே முக்கால். எழுபத்துநாலு வாங்கி வந்து அடித்தால் பதினோரு மணிக்குள் ஓரளவு காய்ந்துவிடும் என்றார். சைக்கிளில் பறந்தேன். கடைக்காரர் சாவியைத் தேடினார், பிறகு டின்னைத் தேடினார், எனக்கு அங்கேயே அழுகை முட்டியது. 74 என்று போட்ட டின்னைக் கையில் பிடித்தபடி கராஜ் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால்கூட ஆகியிருக்காது. நொத்தேர் சீக்கிரமே வந்துவிட்டார். பத்ரோனும் வந்துவிட்டார். திரை விலக்கியிருந்தது. வேலையாட்கள் எல்லோரும் ஓரமாக நின்றார்கள்.

“என் காருக்குப் பாசி புடிச்சிருக்குது” என்றார் நொத்தேர். குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இஞ்ஞாசி இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு நின்றார். வேட்டி நடுங்கியது எனக்குக் கேட்டிலிருந்தே தெரிந்தது. “முசியே, நம்பர் சுவசாந்த் கத்தோர்ஸ். பெயிண்ட் வாங்கப் போனவருக்குப் பிரெஞ்சு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பிரெஞ்சுல சொன்னேன். காயவெச்சுப் பாக்காம அடிச்சேன். அது என் தப்பு” என்றார்.

அவ்வளவும் உண்மை. தன் பங்கு தப்பை அளந்து சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, என் பங்கைத் தொடவும் இல்லை.

“சரி. மொதல்ல இடிச்சது யாரு?” என்று கேட்டார் பத்ரோன்.

இஞ்ஞாசி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை அது. வழிவிட்டு நிற்கிறவர் பார்க்கிற பார்வை. நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். மனைவியின் வயிறு கண்ணுக்கு முன்னால் வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பத்ரோன் காத்திருக்கவில்லை. “வண்டி உன் கொட்டகையில நிக்குது, வேற யாரு இடிச்சிருப்பா?” என்றார் இஞ்ஞாசியிடம். இஞ்ஞாசி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னிடமிருந்து டின்னை வாங்கிக்கொண்டு, நம்பரைத் தமிழில் ஒருதரம், பிரெஞ்சில் ஒருதரம் படித்துவிட்டு, உட்கார்ந்து பச்சையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் நொத்தேர் கார் போனபோது எங்கே உரிந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய ஆள் என்பதற்காகப் பத்ரோன் இஞ்ஞாசியின் கணக்கைத் தீர்த்து அனுப்பவில்லை. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து அவரிடம் ஸ்பிரே கன் இல்லை. சென்னையிலிருந்து புதிய பெயிண்டர் ஒருவரை வரவழைத்தார் பத்ரோன். இஞ்ஞாசி அந்த ஆளுக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறவர் ஆனார். சாகும் வரைக்கும் அதே வேலைதான். தோழர்களே, நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான் இது. ஏன் என்பதைத்தான் தப்பாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள்.

அடுத்த வாரம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இஞ்ஞாசி அரியாங்குப்பம் வந்தார். ஆற்றுப் பாலம் வந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கி, பாலத்தை நடந்தே கடந்து, மீதித் தூரத்தையும் நடந்தே வந்திருக்கிறார். “பாலம் பஸ்ஸைத் தாங்கும். என்னையும் சேத்துத் தாங்குமான்னு தெரியலியே” என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் கூட நடந்தேன். “ஏண்ணே என்னைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“அது நீ சொல்ல வேண்டியது. நான் சொன்னா கோள் மூட்டறது” என்றார். நான் அழுதேன். என் தோளில் கையை வைத்தார். “நீ சொல்லுவ. எனக்குத் தெரியும். அவசரம் இல்ல.”

கொண்டியைப் பத்துத் தரம் இழுத்துப் பார்த்த மனிதர், பாலத்தை நம்பாத மனிதர், என்னை நம்பி அவசரமில்லை என்று சொன்னார். அந்த வார்த்தையை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் தெரியுமா? தவணையாக. குழந்தைக்கு மொட்டை போட்டதும் சொல்லிவிடலாம். பொங்கல் கழியட்டும். வேறு வேலை கிடைக்கட்டும். சர்க்கார் அலுவலகத்தில் வேலை கிடைத்தது, கராஜை விட்டேன். இனி பத்ரோனால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அப்போதும் சொல்லவில்லை. இப்போது பெயர் கெட்டுவிடுமே என்று புதிதாக ஒரு பயம் வந்திருந்தது. தெருவில் இஞ்ஞாசியைப் பார்த்தால் நான் வாயைத் திறப்பதற்குள் “பாப்பா எப்படி இருக்குது?” என்று கேட்பார். நான் பாப்பாவைப் பற்றிச் சொல்வேன். அவருடைய நகக்கண்ணில் உப்புத்தாள் தூள் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அத்தோடு பிரிந்து போவோம்.

பாவாடை அன்று அலுவலக வாசலில் நின்றபோது, பத்ரோனுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துபோய் என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பயந்தது அதனால்தான். இறந்தது இஞ்ஞாசி என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது என்று சொன்னேன் அல்லவா? இனி என்னை எதிர்பார்த்துக்கொண்டு யாரும் இல்லை என்ற நிம்மதி அது. பாவாடையின் சைக்கிளில் போகும்போது அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று புரிந்தது, அப்போதுதான் அழுதேன்.

இதை அச்சுக்குக் கொடுத்தால் என் மேலதிகாரி என்ன நினைப்பாரோ, பத்ரோன் என் முகத்தில் விழிப்பாரோ மாட்டாரோ, இதை எழுதுகிற இந்த நிமிடமும் கை நடுங்குகிறது. நடுங்கட்டும். இஞ்ஞாசிக்கும்தான் அன்றைக்கு நடுங்கியது. நடுங்கிக்கொண்டே அவர் தன் பங்கைச் சொன்னார்.

மறைந்தவரிடமிருந்து நான் எதை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி முடிப்பது இப்படி எழுதுகிறவர்களின் வழக்கம். ஒருவர் பொறுமை என்பார், ஒருவர் தொழில் சுத்தம் என்பார். நான் இஞ்ஞாசியிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய நல்ல பெயரை. ஐந்து வருடம் அதை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன். செலின், அன்றைக்கு நீ கேட்டதற்குப் பதில் இது: நொத்தேர் காரை இடித்தது நான். உன் அப்பா இல்லை.